நாடா ஓடிக்கொண்டே இருக்கட்டும்



இந்த வாரத் தியானத்தை ஓர் அறிக்கையோடு தொடங்குகிறேன். நம் சபையின் ஒரு குடும்பத்திற்கு இனி ஒருபோதும் திரும்பக் கிடைக்காத ஒன்றை நான் என் கையாலேயே அழித்துவிட்டேன். அது ஒரு புகைப்படம். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர்களுடைய பெயரை மட்டும் எழுதவில்லை.

எனக்குப் புகைப்படம் எடுக்கும் பழக்கம் உண்டென்று உங்களில் அநேகர் அறிவீர்கள். இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில், பழைய பிலிம் கேமரா ஒன்றை வாங்கினேன். ஒரு சுருளில் 36 படங்கள். கழுவிப் பிரதி எடுக்கத் தனிச் செலவு. ஆகவே ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருப்பவரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்லி, அதன்பின்பே பொத்தானை அழுத்துவேன். 'அசையாதீர்கள்' என்பதே நான் கற்றுக்கொண்ட முதற்பாடம். அந்தப் பாடம் முப்பது ஆண்டுகள் என்னோடு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், சபையின் ஆண்டு மலருக்காக நம் மக்கள் தொழில் செய்யும் காட்சிகளைப் படமெடுக்கப் புறப்பட்டேன். ஆரணி பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையை நாம் அனைவரும் பேசுகிறோம். அந்தப் பட்டை நெய்கிறவர்களின் முகம் நம் மலரில் இருக்கவேண்டும் என்று விரும்பினேன். அப்படித்தான் அந்த மூத்த நெசவாளரின் வீட்டுக்குப் போனேன். முன்னறையிலேயே குழித்தறி. கூரையில் பதித்த ஒரு கண்ணாடி ஓட்டின் வழியாக மட்டுமே வெளிச்சம் இறங்கியது. அவர் குழிக்குள் கால்களை வைத்து நெய்துகொண்டிருந்தார். சுவரோரமாக அவருடைய மனைவி இராட்டையின்முன் அமர்ந்து, நாடாவுக்குள் வைக்கவேண்டிய தாரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை சக்கரத்தைச் சுழற்ற, மறு கை நூலைத் தாங்கி நடத்தியது. பேசும்போதும், என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதும், மருமகளை அழைத்து எனக்குக் காப்பி கொடுக்கச் சொல்லும்போதும் அந்தச் சக்கரம் நிற்கவே இல்லை.

ஐந்தாறு படங்கள் எடுத்தேன். வெளிச்சம் குறைவு. கேமராவின் திரையில் பார்த்தபோது சக்கரம் ஒரு புகைவட்டமாகவும், அந்தச் சகோதரியின் வலக்கை ஒரு வெள்ளைக் கீற்றாகவும் தெரிந்தன. முகம் மட்டும் தெளிவாக இருந்தது. 'கெட்டுப்போயிற்று' என்று முடிவு செய்தேன். "அம்மா, கொஞ்சம் நிறுத்திவிட்டு என்னைப் பாருங்கள்" என்றேன். அவர்கள் நிறுத்தினார்கள். அவரும் தறியை நிறுத்தினார். சத்தமெல்லாம் அடங்கி, அந்த வீடு திடீரென்று வேறொரு வீடுபோல் ஆயிற்று. படம் எடுத்தேன். ஒவ்வொரு நூலிழையும் எண்ணத்தக்க அளவுக்குத் தெளிவாக வந்தது. பின்பு திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தபடியே, 'கெட்டுப்போன' படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன்.

பிலிம் காலத்தில் கலங்கிய படத்துக்கும் காசு கொடுத்திருப்போம். ஆகவே அதையும் ஒரு பெட்டியில் போட்டு வைப்போம். இப்போது அழிப்பதற்குச் செலவில்லை. செலவில்லாத காரியத்தை நாம் யோசிக்காமல் செய்கிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அந்தச் சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை முடிந்து சில நாட்கள் கழித்து, அவருடைய கணவர் குருமனைக்கு வந்தார். மலரில் வந்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுத் தரும்படி கேட்டார். நானும் மகிழ்ச்சியோடு கணினியைத் திறந்து காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்குங்க ஐயா. ஆனா இது அவ இல்லீங்க. அவ கை ஒருநாளும் இப்படிச் சும்மா இருந்ததில்ல."

நான் பேசாமல் இருந்தேன். அவர் மறுபடியும் கேட்டார்: "முதல்ல அவ தார் சுத்திக்கிட்டு இருக்கும்போதே எடுத்தீங்களே, அந்தப் படம் இருக்குங்களா?"

"அது சரியாக வரவில்லை" என்றேன். அழித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. பிரசங்க பீடத்தில் உண்மையைக் குறித்துப் பேசுகிறவன், என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த ஒரு மனிதரிடம் பாதி உண்மையைச் சொல்லி அனுப்பினேன்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சரியாக வரவில்லை என்று சொன்னேனே, எது சரி? இந்தக் கேள்வியோடுதான் அசைவைப் படமெடுப்பதைக் குறித்துப் படிக்கத் தொடங்கினேன்.

புகைப்படக் கலை பிறந்த நாட்களிலேயே இந்தக் கேள்வியும் பிறந்துவிட்டது. 1838-இல் லூயி டாகேர் என்பவர் பாரிஸ் நகரத்து வீதியொன்றை உயரத்திலிருந்து படமெடுத்தார். வண்டிகளும் மனிதரும் நிறைந்த வீதி அது. ஆனால் படத்தில் வீதி வெறுமையாகக் கிடக்கிறது. ஒளி பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டதால், நகர்ந்துகொண்டிருந்த யாவரும் தடமின்றி மறைந்துபோனார்கள். காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒரு மனிதர் மட்டும் பதிந்தார். நம் தமிழ்நாட்டிலும் அப்படியே. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேய அதிகாரி, சென்னை அரசாங்கத்துக்காக மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். அந்தப் படங்களில் கோபுரங்களும் மண்டபங்களும் கம்பீரமாக நிற்கின்றன. ஜனங்களோ பெரும்பாலும் காணப்படுவதில்லை. கல் காத்திருந்தது, பதிந்தது. நடந்தவர்கள் பதியவில்லை.

பின்பு வேகமான ஷட்டர்கள் வந்தன. 1878-இல் மைபிரிட்ஜ் என்பவர் அமெரிக்காவில் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் நிலத்தைவிட்டு எழும்புவதைக் காட்டினார். மனிதக் கண் கண்டிராததைக் கேமரா கண்டது. அது பெரிய காரியமே. ஆயினும் அதன்பின் ஓர் எண்ணம் நம் மனத்தில் வேரூன்றிவிட்டது: உறைய வைப்பதே நல்ல படம், கலங்குவது பிழை என்று.

நம் ஊர் நாடாவை எடுத்துக்கொள்வோம். ஜான் கே என்னும் ஆங்கிலேயர் 1733-இல், கயிற்றை இழுத்தால் தானே குறுக்கே ஓடும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் தறிகளில் பலவும் அந்த முறையிலேயே ஓடுகின்றன. ஒரு மீட்டர் அகலத்தை நாடா கால் நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/1000 நொடி திறந்தால், அந்த இடைவெளியில் நாடா நகர்வது 4 மில்லிமீட்டர் மட்டுமே. படத்தில் அது அசையாமல் நிற்கும். நூலின்மேல் யாரோ எடுத்து வைத்ததுபோல் இருக்கும். 1/15 நொடி திறந்தால் சுமார் 27 சென்டிமீட்டர் நகரும். ஒரு வால்மீனைப்போல் நீளும். கால் நொடி திறந்தால், பாவின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் மெல்லிய கோடாக முழுவதும் பதியும். இம்மூன்றில் எது பொய்? ஒன்றும் பொய்யல்ல. ஆனால் நாடா என்பது ஓடுவதற்காகச் செய்யப்பட்டது என்பதை முதற்படம் சொல்லுவதில்லை.

இதை அறிந்த கலைஞர் பலர் இருந்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் பிறந்த ஏர்ன்ஸ்ட் ஹாஸ், 1950-களில் ஸ்பெயின் தேசத்துக் காளைப் போர்களை மெதுவான ஷட்டரில் வண்ணப் படமாக எடுத்தார். காளையும் துணியும் மனிதனும் நிறங்களாகக் கரைந்து ஓடுகின்றன. ஆனாலும் அந்த வேகமும் அபாயமும் நம்மைத் தொடுகின்றன. நம் தேசத்து ரகு ராய் 1995-இல் மும்பை சர்ச்கேட் ரயில் நிலையத்தில் எடுத்த படத்தையும் உங்களில் சிலர் கண்டிருக்கலாம். பயணிகளின் கூட்டம் வெள்ளம்போல் உருவழிந்து பாய்கிறது. அதன் நடுவே அசையாமல் நாளிதழ் வாசிக்கிறவர்கள் தெளிவாகத் தெரிகிறார்கள். அந்த வாசகர்கள் இல்லாவிட்டால் கூட்டம் வெறும் புகை. கூட்டம் இல்லாவிட்டால் அவர்கள் நாளிதழ் வாசிக்கும் சிலர், அவ்வளவே.

நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லுகிறேன். நம் வாலிபர் பலரிடம் நல்ல கைப்பேசிகள் இருக்கின்றனவே. முதலாவது, கேமரா அசையக்கூடாது. முக்காலி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு நாற்காலியின்மேல் நான்கு புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் கைப்பேசியைச் சாய்த்து, இரண்டு நொடி டைமரை வைத்துவிடுங்கள். விரல் படும்போது வரும் நடுக்கமும் இராது. இரண்டாவது, கேமராவிலோ கைப்பேசியின் 'ப்ரோ' அமைப்பிலோ ஷட்டர் வேகத்தை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். இராட்டைக்கு 1/8 நொடி, நடந்துபோகும் கூட்டத்துக்கு அரை நொடி என்று தொடங்கலாம். மூன்றாவது, ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்தால் வெளிச்சம் மிதமிஞ்சிப்போகும். ஆகவே ஐஎஸ்ஓ அளவை 100-க்குக் குறையுங்கள். கேமராவானால் துவாரத்தைச் சுருக்குங்கள். நண்பகல் வெயிலில் இது கடினம். விடியற்காலமும் சாயங்காலமும் ஏற்றவை. விடியலில் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டி, பலர் சேர்ந்து இழைகளைச் சீர்செய்யும் வேளை இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும்: இழைகள் நேராக நிற்கும், கைகள் ஓடும்.

நான்காவது காரியமே முக்கியமானது. படத்தில் ஏதாவது ஒன்று நிலைத்திருக்கவேண்டும். எல்லாம் அசைந்தால், பார்க்கிறவருக்குக் கலக்கம் மட்டுமே மிஞ்சும். தறியிலோ, நிலைத்திருப்பதற்கு நிறைய உண்டு: மரச்சட்டம், இழுத்துக் கட்டிய பாவு, நெய்கிறவருடைய முகம். அவர் உடல் முழுவதும் அசைகிறதே என்பீர்கள். உண்மைதான். ஆயினும் நாடா ஓடும் கணத்தில் அவர் கண் அதன்மேல் நிலைகொள்ளுகிறது. தலையும் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணம் எப்போது வருமென்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே முப்பது நாற்பது படங்கள் எடுக்கவேண்டும். அவரை நிறுத்தச் சொல்லக்கூடாது; நாம்தான் காத்திருக்கவேண்டும்.

இன்னொரு முறையும் உண்டு. சைக்கிளில் நூல் மூட்டையோடு போகும் ஒருவரைப் படமெடுக்கவேண்டுமானால், ஷட்டரை 1/30 நொடிக்கு வைத்துக்கொண்டு, அவர் போகும் திசையில், அவர் போகும் வேகத்திலேயே கேமராவைத் திருப்பிக்கொண்டே பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியபின்னும் திருப்புவதை நிறுத்திவிடாதிருங்கள். அப்போது அவர் தெளிவாகவும், பின்னாலுள்ள கடைகளும் சுவர்களும் கோடுகளாக ஓடுவதாகவும் பதியும். முதல் பத்துப் படங்களும் சரியாக வராது. நாம் அவரைவிட விரைந்துவிடுவோம், அல்லது பின்தங்கிவிடுவோம். அவருடைய வேகம் நம் உடலுக்குப் பழகும்போதுதான் அவர் முகம் தெளிவாகும்.

பிரியமானவர்களே, இவற்றையெல்லாம் செய்துபார்த்த நாட்களில் மூன்று வேதபகுதிகள் என் மனத்தைவிட்டு அகலவில்லை.

ஒன்று, யோபு 7-ஆம் அதிகாரம். தம்முடைய நாட்கள் நெசவாளனின் நாடாவைக் காட்டிலும் வேகமாய்ப் போவதாக யோபு அங்கே புலம்புகிறார். ஆரணியில் ஊழியம் செய்கிற எனக்கு அந்த உவமையை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் நான் அதை எப்போதும் இழப்பின் உவமையாகவே பிரசங்கித்து வந்திருக்கிறேன்: நாட்கள் ஓடுகின்றன, ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று. யோபுவின் துயரமும் அதுவே. அவருடைய புலம்பலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் தறியின் அருகே அமர்ந்திருந்தபோது இன்னொன்றையும் கண்டேன். நாடா போய்விடுகிறது, அது விட்டுச்சென்ற ஊடை போகவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் இழை துணியில் தங்கிவிடுகிறது. நின்றுபோன நாடாவிடம் துணி வளருவதில்லை.

இரண்டாவது, மாற்கு 8-ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதாவின் குருடன். ஆண்டவர் அவனைத் தொட்டு, என்ன தெரிகிறது என்று கேட்கிறார். மனிதர் தெரிகிறார்கள், ஆனால் நடமாடும் மரங்களைப்போல இருக்கிறார்கள் என்கிறான் அவன். அசைகிற மனிதரைக் கலங்கலாகக் கண்ட கண் அது. ஆண்டவர் அந்தப் பார்வையைக் 'கெட்டுப்போயிற்று' என்று ஒதுக்கிவிடவில்லை. அவனைவிட்டுப் போய்விடவும் இல்லை. இன்னுமொரு முறை தொட்டார். நானோ திண்ணையில் உட்கார்ந்து, ஒரு காப்பி ஆறுவதற்குள் தீர்ப்புச் செய்துவிட்டேன்.

மனிதர்களையும் நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன் என்பதை அறிக்கை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தாமதமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிரசங்கத்தின் நடுவில் கண்ணயரும் ஒரு வாலிபனை எனக்குத் தெரியும். 'பக்தியில் அசட்டை' என்று அவனைப் பற்றி மனத்தில் எழுதி வைத்திருந்தேன். அது 1/1000 நொடிப் பார்வை. ஒருநாள் அவனோடு நின்று பேசினேன். சென்னையில் சனிக்கிழமை இரவு வரைக்கும் வேலை. அதன்பின் கிடைத்த பேருந்தில் ஏறி, நின்றுகொண்டே பயணம் செய்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஆலயத்துக்கு வருகிறான். அந்த உறக்கம் ஒரு நீண்ட ஓட்டத்தின் கடைசி அங்குலம். ஷட்டரை நான் இன்னும் கொஞ்சம் திறந்து வைத்திருந்தால், ஓட்டம் முழுவதையும் கண்டிருப்பேன்.

மூன்றாவது, லூக்கா 24-ஆம் அதிகாரத்தில் எம்மாவுக்குப் போகும் வழி. மனமடிந்த சீஷர் இருவர் எருசலேமைவிட்டு நடந்துகொண்டிருக்கிறார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவர்களை வழியில் நிறுத்தி, திரும்பி எருசலேமுக்குப் போங்கள் என்று முதலில் கட்டளையிடவில்லை. அவர்களோடு சேர்ந்து, அவர்கள் போகிற திசையிலேயே, அவர்களுடைய நடையிலேயே நடக்கிறார், கேட்கிறார், பேசுகிறார். சாயங்காலத்தில் அப்பம் பிட்கையிலேதான் அவர்கள் கண்கள் திறக்கப்படுகின்றன. சைக்கிளோடு கேமராவைத் திருப்பக் கற்றுக்கொண்டிருந்த நாளில் இந்தப் பகுதியை வாசித்தேன். பிறருடைய வேகத்தில் நடக்கிறவருக்கே அவர்களுடைய முகம் தெளிவாகிறது. போதகர்களாகிய நாங்களும், பெற்றோராகிய நீங்களும், 'நில், நான் சொல்வதைக் கேள்' என்று எத்தனை முறை தொடங்கியிருக்கிறோம்!

எல்லாக் கலங்கலும் நல்லது என்று நான் சொல்லவில்லை. என் கை நடுங்கியதால் கெட்ட படங்கள் என்னிடம் ஏராளம். அவற்றை அசைவின் அழகு என்று பெயரிட்டு மறைக்க முடியாது. எது ஓடவேண்டும், எது நிற்கவேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுவதே காரியம். ஓடுகிறவர்களை நிறுத்துவதற்கு முன், பார்க்கிற நான் நிலையாக நின்றேனா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

கடந்த மாதம் முக்காலியை எடுத்துக்கொண்டு, மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். இப்போது அந்த இராட்டையில் மருமகள் தார் சுற்றுகிறாள். "எங்களை நிறுத்தச் சொல்லலீங்களா ஐயா?" என்று சிரித்தாள். வேண்டாம் என்றேன். அதே கண்ணாடி ஓடு, அதே வெளிச்சம். 1/8 நொடி. நாற்பது படங்களுக்குமேல் எடுத்தேன். ஒன்றில் மட்டும் சுவரும், இராட்டையின் சட்டமும், அவள் தோளும் நிலைத்து நின்றன. முகம் நிழலில் திரும்பியிருந்தது. சக்கரம் புகைவட்டமாக, வலக்கை வெள்ளைக் கீற்றாக இருந்தது.

அந்த ஒன்றை மட்டும் பிரதியெடுத்துக்கொண்டு போய், அந்தப் பெரியவரிடம் கொடுத்தேன். கொடுக்குமுன், முன்பு சொல்லாமல் விட்டதைச் சொன்னேன்: "ஐயா, அம்மா தார் சுற்றிய படங்கள் சரியாகத்தான் வந்திருந்தன. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே அவற்றை அழித்துவிட்டேன். அன்று அதை உங்களிடம் மறைத்தேன். மன்னித்துவிடுங்கள்."

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. படத்தைக் கண்ணாடி ஓட்டின் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்த வெள்ளைக் கீற்றின்மேல் விரலை வைத்தார்.

"இந்தக் கை அவ கை மாதிரியே இருக்குங்க ஐயா."

மருமகளின் கைதான் அது, அவருக்கும் தெரியும். ஆனால் சுழன்றுகொண்டிருக்கும் கையில் வயதும் ரேகையும் வளையலும் தெரிவதில்லை. சுற்றுவது ஒன்றே தெரிகிறது. அந்தச் சுற்றுதலை அவர் நாற்பது ஆண்டுகள் பக்கத்திலிருந்து கண்டவர். நான் அழித்த படத்துக்கு இது ஈடாகாது. அந்தச் சகோதரியின் முகம் அதில் இல்லை. இனி வரப்போவதும் இல்லை. அதை இங்கே மறைத்து எழுதினால், மறுபடியும் பாதி உண்மையாகிவிடும்.

அவர் படத்தைத் தறிக்கு எதிரே இருந்த மாடத்தில் சாய்த்து வைத்தார். "போகட்டும் ஐயா, எல்லாத்தையும் நம்மால வெச்சுக்க முடியுங்களா" என்றார். பின்பு குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்தார். நாடா ஓடத் தொடங்கிற்று. நான் கேமராவை எடுக்கவில்லை. சற்றுநேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜெபித்து விடைபெற்றேன்.

பிரியமானவர்களே, இந்த வாரத்தில் உங்கள் கைப்பேசியிலுள்ள படங்களைத் திறந்து பாருங்கள். கலங்கியிருக்கிறதென்று அழிக்க நினைக்கும் படத்தில் யார் இருக்கிறார்கள், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். ஓடிவரும் பேரப்பிள்ளையாக இருக்கலாம். அடுப்பருகே தோசை திருப்பும் அம்மாவின் கையாக இருக்கலாம். கூடுமானால், வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரை, நிறுத்தச் சொல்லாமல், பத்து நிமிடம் அருகே அமர்ந்து பாருங்கள். படம் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஜெபம்: அன்பின் ஆண்டவரே, நாங்கள் ஒரு நொடியில் பார்த்து ஒதுக்கிவிட்டவர்களுக்காக எங்களை மன்னியும். மற்றவர்களின் ஓட்டம் முழுவதையும் காணத்தக்க பொறுமையை எங்களுக்குத் தாரும். நாடாவைப்போல் ஓடும் எங்கள் நாட்களில், உமது கரத்தில் தங்கும் ஓர் இழையையாவது நாங்கள் விட்டுச்செல்ல உதவிசெய்யும். துணையை இழந்து தறியருகே தனித்திருப்போரைத் தேற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் அன்பின் போதகர்,
ஆரணி